ஆக்ஸிஜனுக்கு இரண்டு ஸ்பேர், கழிவுத் தொட்டிக்கு ஓர் ஆள்

"ஆஸ்பத்திரியில என்ன வேலை பாக்குற?" என்று காலனியில் யாராவது கேட்டால், "கரன்ட் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுதாகச் சொல்ல நேரம் பிடிக்கும். பதவியின் பெயர் கன்ட்ரோல் மெக்கானிக். ஒரு மனிதன் எந்நேரமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாத இடங்களில், அவனுக்குப் பதிலாகக் கருவிகள் பார்த்துக்கொள்ளும். அந்த சென்சார், சுவிட்ச், ரிலே, பேனல் எல்லாவற்றையும் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான் என் வேலை. ஒரு தனியார் மருத்துவமனையில் 19 வருடமாக இதைச் செய்கிறேன்.

என் அப்பா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று அவருடைய கால் விரல்களின் நடுவே புண் ஆறியதே இல்லை. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத ஒதுக்கீட்டில் எனக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தது. இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவு, 2 வருடப் படிப்பு. வேலை கிடைத்த அன்று அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "குழியில இறங்குற வேலை இல்லையே?" இல்லை என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

மருத்துவமனைக்குள் எது முக்கியம், எது முக்கியமில்லை என்பது ஸ்டோர் ரூம் அலமாரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். திரவ ஆக்ஸிஜன் டேங்க் ஒருபுறம். அது தீர்ந்தாலோ பழுதானாலோ சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் மேனிஃபோல்டு மறுபுறம். அதிலும் இடது வரிசை, வலது வரிசை என்று இரண்டு. ஒன்றில் அழுத்தம் குறைந்தால் இன்னொன்றுக்குத் தானாக மாறும். குழாயில் சுமார் 4 பார் அழுத்தம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கினாலும் வார்டில் அலாரம், ஐ.சி.யூ.வில் அலாரம், எங்கள் அறையில் அலாரம். அழுத்தத்தைக் கவனிக்கும் சுவிட்சுக்கு அலமாரியில் எப்போதும் இரண்டு ஸ்பேர் இருக்கும். ஒன்றை எடுத்து மாட்டினால் அன்று மாலைக்குள் இன்னொன்று வந்துவிடும். இன்டென்ட் போட்டு யாரும் காத்திருந்ததில்லை.

கரன்ட்டும் அப்படித்தான். போன சில நொடிகளில் ஜெனரேட்டர் தானாக எடுக்க வேண்டும். அந்தச் சில நொடிக்கும் யூ.பி.எஸ். உண்டு. அறுவை அரங்கில் வெளிக்காற்று உள்ளே புகாதபடி, உள்ளே காற்றழுத்தம் சற்று கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கும் மீட்டர், அதற்கும் தினசரிப் பதிவேடு. இவற்றில் எனக்குப் புகார் இல்லை. அங்கே ஒரு நிமிடம் தவறினால் ஓர் உயிர் போகும்.

மருத்துவமனைக்குப் பின்புறம், பிணவறையைத் தாண்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. எல்லாக் கழிவறை நீரும் வார்டைக் கழுவிய நீரும் முதலில் ஒரு தரையடித் தொட்டிக்கு வரும். அங்கே மிதவை சுவிட்ச் தொங்கும். நீர் ஏறினால் மிதவை ஏறி மோட்டாரை ஓட வைக்கும். இன்னும் ஏறினால் மேலே இருக்கிற இரண்டாவது மிதவை அலாரம் அடிக்க வேண்டும். ஆக்ஸிஜன் சுவிட்சைவிட எளிமையான பொருள் இது. சில நூறு ரூபாய்க்குக் கடைவீதியிலேயே கிடைக்கும். கழிவறையில் போடப்படும் துணி, பஞ்சு, நாப்கின் எல்லாம் அதைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டிய பொருளும் இதுதான். இதற்கு ஸ்பேர் கேட்டு நான் எழுதிய இன்டென்ட் ஒரு தடவை மூன்று மாதம் கொள்முதல் பிரிவு மேசையில் கிடந்தது.

அந்த மூன்றாவது மாதத்தில், ஓர் ஐப்பசி மழை இரவில், தொட்டி நிரம்பி வழிந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய கதை.

மிதவை துணியில் சிக்கிக் கீழேயே கிடந்தது. மோட்டார் ஓடவில்லை, அலாரமும் அடிக்கவில்லை. பேனலில் கையால் ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் உறுமிவிட்டு ட்ரிப் ஆனது. அதன் வாயிலும் துணி அடைத்திருந்தது. மோட்டாரை மேலே தூக்கிச் சுத்தம் செய்யலாம் என்றால், அது தொட்டியின் அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. இத்தனைக்கும் வழிகாட்டிக் கம்பி இரண்டு நட்டு, சங்கிலியில் மோட்டாரை ஏற்றி இறக்கும் அமைப்பு எப்போதோ வந்துவிட்டது. அது இருந்தால் ஒருவர் மேலே நின்றபடியே மோட்டாரைத் தூக்கி, அடைப்பை எடுத்து, திரும்ப இறக்கிவிடலாம். கட்டும்போது செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். யாராவது இறங்குவார்கள் என்ற கணக்கு அந்த வரைபடத்திலேயே இருந்திருக்கிறது.

"காலையில ஓ.பி. ஆரம்பிக்கறதுக்குள்ள சரியாகணும்" என்று மேலாளர் போனில் சொன்னார். அன்று ஷிஃப்டில் மெக்கானிக் இரண்டு பேர். இன்னொருவரை ஆக்ஸிஜன் பிளான்ட்டில் இருக்கச் சொன்னார்கள். என்னைத் தொட்டிப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். நான் ஏன் என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் சொன்ன பதில்: "அவரு உங்க ஆளுதானே, நீங்க சொன்னா கேப்பாரு."

அவர் என்றது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரை. எனக்குப் பக்கத்துக் காலனி. நான் மாமா என்பேன், அவர் மாப்ள என்பார். வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். முகக்கவசம் என்று தந்தது வார்டில் போடுகிற துணி மாஸ்க். நான் டார்ச் பிடித்தேன்.

முதல் துணி மூட்டையை அவர் இழுத்ததும் குமிழி குமிழியாக வந்தது. அடியில் தேங்கிய கசடைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். காற்றைவிடக் கனமானதால் தொட்டிக்குள்ளேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாற்றம் போயிடுச்சு' என்று உள்ளே இருப்பவர் நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். "மாமா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. நான்கு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தோம்.

அவசர சிகிச்சைப் பிரிவு ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. அதனால் பிழைத்தார். நான் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிற அதே குழாயில் வந்த ஆக்ஸிஜன்தான் அவர் முகத்தில் போனது. விபத்துப் பதிவேட்டில் 'நடக்கும்போது கால் வழுக்கி விழுந்தார்' என்று எழுதினார்கள். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இதை எழுத எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

அன்று எனக்குச் சட்டம் தெரியாது. சட்டம் இருந்தது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டம், சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. நேரடியாக இறக்கினாலும் குற்றம், இன்னொருவர் மூலம் இறக்கினாலும் குற்றம். 'ஒப்பந்தக்காரர் ஆள்' என்று மருத்துவமனை தப்ப முடியாது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், அவசரம் என்றாலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் இறக்குவது குற்றமே என்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்றும் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அது 30 லட்சமானது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சம்.

இழப்பீடு உயர்ந்தது நல்லது. ஆனால் சில நூறு ரூபாய் மிதவை அலமாரியில் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டியதில்லை.

நிர்வாகத்தினர் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். முதல் பதில்: "ஆக்ஸிஜன் நின்னா உயிர் போகும், கழிவுநீர் நின்னா நாத்தம்தான் வரும்." இது உண்மையில்லை. கழிவுநீர் நின்றால் ஓர் ஆள் இறங்குவார், அவர் உயிர் போகும். நோயாளியின் உயிரைக் கணக்கில் சேர்க்கிறவர்கள் இந்த உயிரைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது பதில்: "அவங்களே விருப்பப்பட்டுத்தான் வர்றாங்க, தனியா காசு கொடுக்கறோம்." மாதச் சம்பளத்தில் பாதி கடனுக்குப் போகிற மனிதரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்பதற்குப் பெயர் விருப்பமா? அந்த விருப்பம் ஏன் எல்லாத் தெருவிலும் வருவதில்லை? மூன்றாவது பதில்: "அந்த வேலைக்கு வேற ஆள் கிடைக்கறதில்ல." கிடைக்காது. கிடைக்காததால்தான் கருவி வேண்டும் என்கிறோம்.

சாதி என்றதும் தனிக்குவளை, செருப்பு, தெரு, சுடுகாடு என்று நினைக்கிறோம். அவை இன்னும் போகவில்லை. கூடவே, எந்த மீட்டருக்கு ஸ்பேர் உண்டு, எதற்கு இல்லை என்ற பட்டியலிலும் சாதி இருக்கிறது. எந்த மெக்கானிக்கை அறுவை அரங்கத்துக்கு அனுப்புவது, எவரைப் பின்புறத்துக்கு அனுப்புவது என்ற ஷிஃப்ட் சார்ட்டிலும் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரே சான்றிதழ், ஒரே சம்பளம். ஆனால் கழிவுநீர் பேனல் பழுது என்றால் என் போன்தான் அடிக்கும். யாரும் என்னைச் சாதி சொல்லித் திட்டியதில்லை. திட்டத் தேவையில்லாதபடி எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஆக்ஸிஜன் கருவிகளுக்குத் தருகிற மரியாதையைக் கழிவுநீர் கருவிகளுக்கும் தாருங்கள்.

மிதவை சுவிட்சுக்கும் இரண்டு ஸ்பேர் எப்போதும் இருக்கட்டும். முடிந்தால் நீரைத் தொடாமலே மேலிருந்து மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டட்டும். மோட்டார்கள் சங்கிலியில் ஏறி இறங்கும் அமைப்புக்கு மாறட்டும். தொட்டி அலாரம் பின்புறத்தில் மட்டும் அடிக்காமல் கண்காணிப்பாளர் அறையிலும் அடிக்கட்டும். தொட்டி வாயருகே ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பற்றும் வாயு நான்கையும் அளக்கும் கையடக்க மீட்டர் இருக்கட்டும். நோயாளியின் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கட்டடத்தில், தொட்டிக்குள் காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்க ஒரு கருவி இல்லாதது வெட்கக்கேடு. மாவட்ட நிர்வாகம் மருத்துவமனைகளை ஆய்வு செய்யும்போது தீயணைப்புக் கருவிகளைப் பார்ப்பதுபோல் இவற்றையும் பார்க்கட்டும். 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதப்பட்ட பதிவேடுகளையும் ஒரு தடவை புரட்டட்டும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ.யில் இந்தப் பிரிவுகளைத் தேடிப் படியுங்கள். பேனல் திறக்கத் தெரிந்தவன் சொல்லுக்கு மருத்துவமனையில் மதிப்பு உண்டு. பட்டியலின மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை 1944-ல் தொடங்கியபோது, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்த வழியில் படித்து வந்த நாம், நம் பங்குக்குக் குழியிலிருந்து ஏறிவிட்டோம் என்று நினைத்து, அடுத்தவர் இறங்கும்போது டார்ச் பிடிக்கக் கூடாது. நான் பிடித்தேன். நீங்கள் பிடிக்காதீர்கள். இறங்கச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தருவதற்கு யாருக்கும் தைரியம் வராது.

மாமா இப்போது வேலைக்குப் போவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீ வாங்கித் தருவார், காசு கொடுக்க விடமாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கேட்பார்:

"அந்த மிதவைக்கு ஸ்பேர் வாங்கி வச்சாச்சா மாப்ள?"

ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம் மாமா. இன்னொன்றுக்கு இன்டென்ட் போட்டிருக்கிறேன்.

(கட்டுரையாளர் தனியார் மருத்துவமனை ஒன்றில் கன்ட்ரோல் மெக்கானிக்காகப் பணிபுரிகிறார்.)