ஒரு படமும் அதன் வில்லங்கமும்

சங்கரன்கோவிலில் ஒரு சென்ட் மனை வாங்குகிறவர்கூட முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். யாரிடமிருந்து யாருக்குப் போனது, அடமானம் உண்டா, பங்காளி யாராவது கிளம்புவானா. பழைய ஓவியங்களுக்கும் இப்படியொரு மூலப்பத்திரம் உண்டு. அருங்காட்சியகங்கள் அதைக் கண்ணும் கருத்துமாக எழுதி வைக்கின்றன. அந்தக் கவனத்தோடுதான் எனக்கு வழக்கு.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘மேடம் கிராண்ட்’ என்றொரு நீள்வட்ட ஓவியம் இருக்கிறது. 1783இல் எலிசபெத் விஜே லெ புரூன் தீட்டியது. கூந்தலில் நீல ரிப்பன், கையில் இசைத்தாள், மேலே பார்க்கும் கண்கள். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தரின் உயில்கொடையாக அங்கே சேர்ந்தது. படத்தின் பத்திரம் சுத்தம். வில்லங்கம் படத்தில் இருக்கும் பெண்ணின் கதையில் இருக்கிறது.

கேத்தரின் வொர்லே பிறந்தது டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில். பிரெஞ்சுக் குடும்பம், அவரைத் தமிழச்சியாக்கிப் பெருமைப்பட எனக்கு ஆசையில்லை. 1777இல், பதினாறு வயது நிறையுமுன், ஜார்ஜ் பிரான்சிஸ் கிராண்ட் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருக்குக் கட்டி வைத்தார்கள். 1778 டிசம்பர் 8 இரவு, கிராண்ட் இல்லாத நேரம், கவர்னர் ஜெனரலின் கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸ் ஏணி போட்டு அந்தக் கல்கத்தா வீட்டுக்குள் ஏறினார். வேலைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். கிராண்ட் வழக்குப் போட்டார். 1779 மார்ச்சில் கல்கத்தா உச்ச நீதிமன்றம் 50,000 சிக்கா ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது. கணவருக்கு.

கேத்தரின் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. விரும்பினாரா, பயந்தாரா என்பது தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. மாடு மேய்ந்தால் நஷ்ட ஈடு வயல்காரருக்குத்தான். பயிரைக் கேட்பார் யார்?

வரைந்தவரின் கணக்கும் இதேதான். பாஸ்டல் ஓவியர் லூயி விஜேயின் மகள் அவர். அதே 1783இல் அரச கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே பெண்களுக்கு மொத்தமே நான்கு இடம். ஓவிய வியாபாரியான கணவர் தன் சம்பாத்தியத்தை எடுத்துக்கொண்டதை நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார்.

‘அது வெள்ளைக்காரன் கதை’ என்று தட்டிவிட முடியாது. நான் பாடம் நடத்தும் குறளின் 15ஆம் அதிகாரத் தலைப்பே ‘பிறனில் விழையாமை’. அங்கும் பெண் பிறனுடையவள். 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவோ, கணவர் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2018 செப்டம்பர் 27 அன்று. என் வகுப்பில் இருக்கும் பெண்கள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்!

1802இல் கேத்தரின் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் டாலிராண்டை மணந்தார். ஆண்கள் கூட்டம் அவரை முட்டாள் என்று கதைகட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் புத்தகங்களில் ஓடுகிறது. அதே அருங்காட்சியகத்தில் ஜெரார் வரைந்த இன்னொரு படத்தில் அவர் டாலிராண்டின் இளவரசி. ஒரே பெண், இரண்டு படம், இரண்டு கணவர் பெயர். நம் பத்திரங்களில் ‘க/பெ’ என்று போடுவார்களே, அதுதான். 1783 படத்தின் தலைப்பில் அவர் பிறந்த பெயர் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது.

அடைப்புக்குறியைத் திறக்கட்டும். கேத்தரின் வொர்லே, தரங்கம்பாடி என்று முதலில் எழுதட்டும். உடைமை வரலாற்றை ஹார்க்னஸுக்கு முன்னால், 1779 மார்ச்சிலிருந்து, அந்த 50,000 ரூபாயிலிருந்து தொடங்கட்டும்.