அடுத்த அறை

ஸ்ரீவராகத்தில் குளத்தை ஒட்டிய தெருவில் ஒரு மாடி அறையில் தங்கிப் படிக்கிறேன். சென்ற மாதம் அடுத்த அறை மாணவர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். ஞாயிறன்று வேதப்புத்தகமும் கையுமாக அவர் வாசலைக் கடந்துதான் ஆலயத்துக்குப் போனேன். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி? அன்பைப் பற்றித்தான்! நூறு ரூபாய் காணிக்கையும் போட்டேன். அவருக்குக் கஞ்சி கொடுத்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. நாள் தவறாமல் வராகமூர்த்தியைத் தொழுகிறவர்.

தோழர்களே, டாக்டர் சாமர்வெல்லை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். 1922-இல் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுவினருள் ஒருவர் அவர். மலையிலிருந்து திரும்பியவர் ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். அன்று திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மருத்துவமனையில் நீண்ட வரிசையில் நோயாளிகள். அறுவை செய்ய ஒரே மருத்துவர். லண்டனில் கிடைத்த பதவியை விட்டு நெய்யூருக்கே வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். (இடையே 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியது வேறு கதை.)

அவருடைய தியாகத்தைவிட, வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் அந்த வரிசையைக் கண்டு நின்றாரே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிதிக்குப் பணம் தருவது நமக்கு எளிது. நிதி நம்மை இரவில் கண்விழிக்கச் சொல்வதில்லை. "பரீட்சை நேரம்" என்பது நம் எல்லோரிடமும் உள்ள சாக்கு. என்னிடமும் இருந்தது.

நான்காம் நாள் கதவைத் தட்டினேன். "பரீட்சை எப்படி எழுதினீர்கள்?" என்று அவர்தாம் என்னை விசாரித்தார்.