பரிசோதனை இருவருக்கும்தான்

ஆக்ராவை அடுத்த ஃபதேபூர் சிக்ரியில் இருக்கிறது ஷேக் சலீம் சிஷ்தியின் தர்கா. அதன் பளிங்கு ஜன்னல் துளைகளில் நூல் கட்டி வேண்டிக்கொள்வது வழக்கம். பிள்ளை வரம் கேட்டுக் கட்டுகிறவர்களில் முஸ்லிமும் உண்டு, இந்துவும் உண்டு. பெரும்பாலும் பெண்கள்.

ஆனால் அந்த இடத்துக்கு இந்தப் பெயரைத் தேடித் தந்தவர் ஓர் ஆண். பிறந்த பிள்ளைகள் தங்காமல், வாரிசுக்காகத் தவித்த அக்பர் சக்கரவர்த்தி சலீம் சிஷ்தியைத் தேடிப் போனார். 1569ல் மகன் பிறந்தான். மகானின் பெயரையே வைத்தார். அந்த சலீம்தான் பிற்பாடு ஜஹாங்கீர். வேண்டுதலை நிறைவேற்ற, மறு வருடம் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை அக்பர் கால்நடையாகவே போனார்.

சக்கரவர்த்தி நடந்த நடையை இன்று நம் வீடுகளில் மருமகள் நடக்கிறாள். தர்காவுக்கு அவள், தாயத்துக்கு அவள், டாக்டரிடமும் அவள். கணவரைக் கேட்டால், 'எனக்கென்ன குறை?' என்கிறார். அதற்கு மேல் வற்புறுத்தினால் பேச்சு மார்க்கத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. 'இதெல்லாம் நமக்கு ஆகுமா?'

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலையில். எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷேக் காத் அல் ஹக் 1980 மார்ச்சிலேயே ஃபத்வா கொடுத்துவிட்டார். கணவனின் விந்து, மனைவியின் கருமுட்டை, மனைவியின் கருப்பை, அதுவும் அவர்களுடைய மண வாழ்க்கை நீடிக்கும் காலத்தில் என்றால் தடையில்லை. இடையில் மூன்றாவது ஆள் வரக்கூடாது. இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சேர்ந்த ஃபிக்ஹ் அகாடமி 1986ல் அம்மானில் கூடியபோதும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது.

காரணம் வம்சம். பிள்ளை யாருடையது என்பதில் குழப்பம் கூடாது என்பதில் இஸ்லாம் கண்டிப்பானது. வாரிசுரிமை, யாரை யார் மணக்கலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. எனவே தானம் பெற்ற விந்தும் கருமுட்டையும் சுன்னி அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்துப்படி விலக்கப்பட்டவை. வாடகைத் தாயும் அப்படியே. கணவன் இறந்தபின், அல்லது விவாகரத்துக்குப் பின், உறையவைத்த கருவைப் பயன்படுத்துவதும் கூடாது. ஷியாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈரானில் அயதுல்லா கமேனி 1999ல் தானத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்தார். அந்நாட்டில் 2003ல் கரு தானத்துக்குச் சட்டமே வந்தது. இந்திய உலமாக்களிலும் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலருக்கு இன்னும் தயக்கம். ஆனாலும் தம்பதிக்குள்ளேயே நடக்கும் சிகிச்சைக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது.

இதை நம் வீட்டு ஆண்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். பிறர் விந்து கூடாது என்றால், கணவனின் விந்துதான் ஒரே வழி. அது எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டாமா? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது என்கிறது மருத்துவம். விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு, வலியில்லை. பெண்ணுக்கோ ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், கருக்குழாய் பரிசோதனை, சில நேரம் லேப்ராஸ்கோப்பி. எளிதானதை விட்டுவிட்டுக் கடினமானதில் ஆரம்பிப்பது என்ன நியாயம்?

மாதிரி கொடுக்கும் முறை மார்க்கத்துக்கு ஒத்துவராது என்று சிலர் பின்வாங்குகிறார்கள். மருத்துவத் தேவைக்காக, மனைவியின் துணையோடு எடுத்துக்கொடுப்பதைப் பல அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண் டாக்டர் என்பதே முதல் விருப்பம். கிடைக்காத இடத்தில் ஆண் டாக்டரிடம் காட்டுவதற்கும் இடமிருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு, தேடுங்கள் என்பது நபிமொழியின் சாரம். அது மனைவிக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல.

உயிரணுக்கள் குறைவு என்று தெரிந்தால் உலகம் முடிந்துவிடாது. 1992ல் பெல்ஜியம் டாக்டர்கள் 'இக்ஸி' முறையை அறிவித்தார்கள். ஒரே ஓர் உயிரணுவை ஊசி வழியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை. அதற்கு முன் பிறர் விந்து ஒன்றுதான் வழி என்று கைவிடப்பட்ட பல ஆண்களுக்குத் தன் விந்திலேயே பிள்ளை பெறும் வாய்ப்பு வந்தது. மூன்றாவது ஆள் கூடாது என்கிற முஸ்லிம் தம்பதிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆனால் பெண்ணின் வயது காத்திருக்காது. முப்பத்தைந்துக்குப் பின் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன. கணவர் கௌரவம் பார்த்துக் கடத்தும் ஐந்து வருடங்கள் அவளுடைய கணக்கிலிருந்து கழிகின்றன.

இன்னொரு கொடுமையும் உண்டு. பரிசோதனையே செய்துகொள்ளாமல் 'இரண்டாவது நிக்காஹ்' என்று குடும்பம் பேச ஆரம்பிக்கும். குறை கணவரிடம் இருந்தால் என்ன ஆகும்? அதே வீட்டில் இன்னொரு பெண்ணும் மலடி என்ற பெயரோடு உட்காருவாள்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. 2021ல் வந்த இந்தியச் சட்டத்தின்படி கருத்தரிப்பு மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். தம்பதியின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரம்பு. இந்தச் சட்டம் விந்து, கருமுட்டை தானத்தை அனுமதிக்கிறது. ஆகவே எங்களுக்கு தானம் வேண்டாம் என்பதை நாமேதான் சொல்ல வேண்டும். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாமல் படிவத்தைப் படியுங்கள். மாதிரிகள் மாறாமலிருக்க என்ன ஏற்பாடு, மிஞ்சும் கருக்களை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். செலவு லட்சங்களில் போகும். ஒரே முறையில் பலிக்காமல் போகும் வாய்ப்பே அதிகம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எல்லாம் செய்தும் பிள்ளை இல்லையென்றால்? சிலருக்கு ஆண், சிலருக்குப் பெண், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை, எல்லாம் இறைவன் நாட்டம் என்கிறது குர்ஆனின் 42ஆம் அத்தியாயம். கடைசியில் சொன்னவர்களை அது குறை சொல்லவில்லை. நபிகளாரின் மனைவி ஆயிஷாவுக்குப் பிள்ளையில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் அவர் வழியாக வந்தன; முஸ்லிம்கள் அனைவருக்கும் அவர் அன்னை. அநாதைக் குழந்தையை, அதன் தகப்பன் பெயரை மாற்றாமல் வளர்ப்பது பெரும் நன்மை என்கிறது மார்க்கம். சட்டப்படி தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு எந்த மதத்தினரானாலும் சிறார் நீதிச் சட்டத்தில் வழி உண்டு என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மணமுறிவுப் பஞ்சாயத்துக்கு நேரம் ஒதுக்கும் ஜமாஅத்துகள் ஒரு காரியம் செய்யலாம். பிள்ளையில்லை என்று தலாக் கேட்டோ இரண்டாம் நிக்காஹ் கேட்டோ வருகிற கணவரிடம், 'உங்கள் பரிசோதனைச் சீட்டு எங்கே?' என்று முதலில் கேட்கட்டும். பல வழக்குகள் அந்தக் கேள்வியோடு வாசலிலேயே திரும்பிப் போய்விடும்.