டிரையர் வாங்குமுன் தண்ணீர்க் கணக்கு போடுங்கள்

"அக்கா, இந்த மெஷினுக்குக் கடன் போடலாமா?" என்று கேட்டு அரவக்குறிச்சிப் பக்கத்து மகளிர் குழுக்களிலிருந்து யாராவது எங்கள் கொட்டகைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். நாங்கள் முருங்கை இலை காயவைத்துப் பொடிக்காரர்களுக்குக் கொடுக்கிறவர்கள். வருகிறவர் கையில் ஒரு கொட்டேஷன் இருக்கும். 24 தட்டு, உள்ளும் புறமும் எஸ்.எஸ். 304, "எட்டு மணி நேரத்தில் 50 கிலோ." விலை லட்சங்களில். நான் முதலில் தேடுவது ஹீட்டர் எத்தனை கிலோவாட் என்ற வரியை. பல தாள்களில் அது இருப்பதே இல்லை.

பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 50 கிலோ இலை கையால் நொறுக்கும் பதத்துக்கு வரச் சுமார் 38 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். எந்தக் கம்பெனி ஹீட்டராக இருந்தாலும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட் வெப்பம் வேண்டும். 38 லிட்டருக்கு 25 யூனிட் ஆகிவிடுகிறது. 3 கிலோவாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் அணையாமல் எரிந்தாலும் 24 யூனிட்தான். கதவிடுக்கில் கசியும் சூடு, ஈரக்காற்றோடு வெளியே போகும் சூடு எல்லாம் சேர்ந்தால், நடைமுறையில் லிட்டருக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். 3 கிலோவாட் ஹீட்டரை மாட்டிவிட்டு "50 கிலோ" என்று அச்சடிப்பவர் நடக்காத ஒன்றை விற்கிறார். இதைக் கண்டுபிடிக்கப் பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

தட்டுக் கணக்கும் இதே கதைதான். சந்தையில் பரவலாக இருப்பது 32 அங்குலத்துக்கு 16 அங்குலத் தட்டு, மூன்றரைச் சதுர அடி. அதில் முந்நூறு கிராம் இலைக்கு மேல் அமுக்கினால் அடியில் கிடப்பது புழுங்கிக் கறுத்துவிடும். ஆக 24 தட்டில் எட்டுக் கிலோ இலைகூட ஏறாது. நறுக்கிய நெல்லிக்காயோ வாழைக்காயோ அதே தட்டில் பல மடங்கு எடை நிற்கும். எந்தப் பொருளுக்கு எத்தனை கிலோ என்று சொல்லாத எண்ணை நம்பி ஒரு குழு கடன் வாங்கியது. இப்போது அந்த மெஷின் துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. தவணை மட்டும் மாதாமாதம் நகர்கிறது. அந்தப் பெண்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எவர்சில்வர் விஷயத்தில் உணவு படுகிற இடத்துக்கு மட்டும் பிடிவாதமாக இருங்கள். உள்சுவரும் தட்டும் 304 ஆக இருக்கட்டும். வெளித்தகடு பவுடர் கோட்டிங் அடித்த இரும்பாக இருந்தால் ஒன்றும் குறையாது, பணம் மிச்சம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று சொன்னால் ஏற்காதீர்கள். விலை குறைந்த 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது. பழைய உலோகம் வாங்குகிறவர்களிடம் ஒரு சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் இருக்கும். மருந்தைத் தகட்டில் விட்டு மின்சாரம் காட்டினால், மாங்கனீசு அதிகமுள்ள 202 சிவந்துவிடும். மோர் மிளகாய், நார்த்தங்காய் என்று உப்புப் பண்டம் போடுகிறவர்கள் 304-ஐயும் முழுதாக நம்பக் கூடாது. உப்பு அதிலும் புள்ளி புள்ளியாகத் துருவை ஏற்றும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாக வேண்டும். கருவாட்டுக்குத் தனி மெஷின், அதில் பேச்சே இல்லை.

தகட்டைவிட முக்கியம் காற்று. விசிறி கீழிருந்து மேலே ஊதினால் அடித்தட்டு முதலில் காய்ந்து மேல்தட்டு ஈரமாகவே இருக்கும். ராத்திரி எழுந்து தட்டு மாற்றுவது நம் பெண்கள்தான். பின்சுவரிலிருந்து ஒவ்வொரு தட்டின் மீதும் குறுக்காக ஊதும் அமைப்பைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே ஈரம் சுமந்து வரும்போது, ஈரக்காற்றை வெளியேற்றும் வாயைக் கூட்டிக் குறைக்க வசதி இல்லாத மெஷின் வேலைக்கு ஆகாது. சூடும் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். முருங்கை இலைக்கு 50 டிகிரியைத் தாண்டினால் பச்சை போய்விடும். அவசரத்துக்கு நெல்லிக்காயை எடுத்ததுமே 70 டிகிரியில் வைத்தால் மேல் இறுகி உள் ஈரம் அடைபடும், பிறகு பாக்கெட்டுக்குள் பூசணம் பூக்கும். சொந்தத் தெர்மாமீட்டரை மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு மூன்றிலும் வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்காகக் கேட்கிறவர்களுக்கு என் பதில் சுருக்கம். வற்றல், வடகத்துக்குப் பங்குனி, சித்திரை வெயிலும் மொட்டை மாடியும் இருக்கும்போது பெரிய டிரையர் வேண்டாம். மழைக்காலக் கறிவேப்பிலைக்கும் பழத்துண்டுக்கும் ஐந்தாறு தட்டு மேசை மெஷினே தாராளம்.

தொழிலுக்கு என்றாலும் எல்லாப் பொருளுக்கும் கரண்ட் கட்டாது. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழும்போதெல்லாம் "காயவைத்து விற்கலாமே" என்று ஒரு பேச்சு எழும். நூறு கிலோ தக்காளியில் காய்ந்து நிற்பது ஆறு கிலோ அளவுதான். மீதியெல்லாம் தண்ணீர், அதை ஓட்ட நூறு யூனிட்டுக்கு மேல். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே காய்ந்த தக்காளி கிலோவுக்கு 130 ரூபாய்க்குக் குறையாமல் கரண்ட் செலவு மட்டும். தோட்டத்து இலவச மின்சாரத்தில் இதை ஓட்டவும் கூடாது. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கொப்பரைக்குப் போடுகிற மாதிரி சூரியக் கூடாரத்தில் முதல் ஈரத்தை இழுத்துவிட்டு, கடைசி ஈரத்துக்கு மட்டும் மெஷினுக்குள் ஏற்றினால் கட்டுபடியாகலாம்.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்காக 2020-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தில், தனி ஒருவருக்கு 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. நல்ல திட்டம். அந்த விண்ணப்பத்தோடு வரும் டிரையர் கொட்டேஷனில் ஹீட்டர் கிலோவாட், ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் தண்ணீர், லிட்டருக்கு ஆகும் யூனிட் மூன்றும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். ஃபிரிட்ஜில் நட்சத்திரச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் டிரையரில் அப்படியொரு சீட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. தஞ்சாவூரில் உணவு பதப்படுத்துதலுக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. சோதித்துச் சொல்ல ஆள் இல்லாத நாடு அல்ல இது.

அந்தச் சீட்டு வரும்வரை நீங்களே செய்யலாம். உங்கள் இலையையும் ஒரு தராசையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே போங்கள். ஏற்றும்போது ஒரு எடை, இறக்கும்போது ஒரு எடை, மீட்டரில் முன்னும் பின்னும் ஒரு ரீடிங். பிறகு கொட்டேஷனின் அடியில் கையால் எழுதுங்கள்: 50 டிகிரியில் இத்தனை கிலோ முருங்கை இலை, இத்தனை மணி நேரம், இத்தனை யூனிட். அதன்கீழ் விற்பவர் கையெழுத்துப் போடட்டும். போட மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.