சாக மறந்த செல்லும் சென்னை காப்புரிமை ஆபீசும்

புற்றுநோய்னா செல்கள் தாறுமாறா பெருகறதுன்னுதான் நாம படிச்சிருக்கோம். நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்ல அது பாதிக் கதைதான். மீதி, சாக வேண்டிய செல் சாகாம உட்கார்ந்திருக்கறது.

வேலை முடிஞ்சா தன்னைத்தானே முடிச்சுக்கற நிரல் நம்ம செல்லுக்குள்ளயே இருக்கு. ஒரு மில்லிமீட்டர் புழு ஒண்ணு வளரும்போது உண்டாகற 1,090 செல்கள்ல சரியா 131 இப்படித் தானாச் செத்துப்போகும். இதை நடத்தற மரபணுக்களைப் பத்தின ஆராய்ச்சிக்குத்தான் 2002-ல பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூணு பேருக்கும் நோபல் பரிசு. அந்தப் புழு மரபணு ஒண்ணோட சொந்தக்காரன் நம்ம உடம்புல இருக்கற பிசிஎல்-2. செல்லோட சாவைத் தள்ளிப்போடறதுதான் அதோட வேலை.

நாள்பட்ட வகைல முக்கியமானது ரெண்டு. சிஎல்எல்-ல பிசிஎல்-2 புரதம் எக்கச்சக்கமா சேர்ந்துடும். சிஎம்எல்-ல 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாத்திக்கிட்டு, பிசிஆர்-ஏபிஎல்னு ஒரு ஒட்டு மரபணு உருவாகும். அது 'பெருகு, சாகாதே'ன்னு ஓயாம கட்டளை போடும். நம்ம பாஷைல சொன்னா, வெளியேற வழியில்லாத லூப்.

இந்தக் கட்டளையை நிறுத்தற மாத்திரை இமாடினிப். 2001-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. வருஷக்கணக்கா தினமும் போடணும். காப்புரிமை வழக்கு நடந்த காலத்துல நோவார்டிஸோட க்ளிவெக் மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயா இருந்துச்சு. இந்தியத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள்ள இருந்துச்சு.

அதோட படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரில நிராகரிச்சது நம்ம சென்னை ஆபீஸ்தான். தெரிஞ்ச மருந்தோட புது வடிவம்னா குணப்படுத்தற திறன் கூடியிருக்கணும்னு சொல்ற சட்டப் பிரிவு 3(டி). அதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2007 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செஞ்சுது. 2013 ஏப்ரல் 1 அன்னிக்கு உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாதுன்னு சொல்லிடுச்சு.

'அப்போ ஆராய்ச்சிக்கு யாரு காசு குடுப்பா?'ன்னு கேக்கறது நியாயம்தான். நோவார்டிஸ் நிறைய பேருக்கு இலவசமாவும் குடுத்துச்சு, மறுக்கல. ஆனா இலவசம்ங்கறது கம்பெனி மனசு வெச்சாத்தான். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டறவருக்கு இந்த வியாதி வந்து, மாத்திரை 1,20,000 ரூபாய்னா, அவரைப் பொறுத்தவரைக்கும் மாத்திரையே இல்லேன்னுதான் அர்த்தம்.

பிசிஎல்-2 புரதத்தை நேரா அடக்கற வெனிடோகிளாக்ஸ் 2016-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிடுச்சு. இன்னும் வரும். செல்லுக்குச் சாக ஞாபகப்படுத்த மருந்து இருக்கு. அதை வாங்க முடியாம மனுஷன் சாகக்கூடாது. வர்த்தக ஒப்பந்தம்னு யார் வந்து கேட்டாலும் 3(டி)-ல கைவைக்க விடக்கூடாதுங்கறது என் கட்சி. உங்க கட்சி என்ன?