குழந்தைகளின் கைவேலை: கண்ணாடிச் சித்திரம்

கூர்ஜரத்தின் மேற்குக் கோடியில் கட்ச் என்னும் வறண்ட பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள கிராம மக்கள் 'புங்கா' எனப்படும் வட்டமான மண் குடிசைகளில் வசித்து வந்திருக்கின்றனர். 2001-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி நேர்ந்த பூகம்பத்தில் எத்தனையோ கற்கட்டடங்கள் இடிந்து விழ, இந்த வட்டக் குடிசைகளிற் பல அசையாமல் நின்றன.

குடிசையின் உட்சுவரை அலங்கரிப்பவர் அவ்வீட்டுப் பெண்மணிகளே. களிமண்ணைச் சலித்துச் சாணத்துடன் பிசைந்து, கயிறுபோலத் திரித்துச் சுவரிலே கோலமிடுவர். இடையிடையே சிறு கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பர். 'லீப்பண் காம்' என்பது இதன் பெயர். மெழுகு வேலை என்பது பொருள். இரவில் ஓர் அகல் ஏற்றினால் போதும், சுவர் முழுதும் சுடர் விடும்.

இவ்வேலையைச் சிறிய அளவில் நம் குழந்தைகளும் செய்யலாம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது.

வேண்டிய சாமான்கள்: ஓரடி அகலமுள்ள வட்டமான ஒட்டுப்பலகை, பழைய செய்தித்தாள், ஒரு பிடி வெந்தயம், சலித்த களிமண், பசை, ரவிக்கையில் வைத்துத் தைக்கும் வட்டக் கண்ணாடிச் சில்லுகள். உடைந்த முகக்கண்ணாடித் துண்டுகளைக் குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. சில்லுகளிலும் விளிம்பு கூராக உள்ளவற்றைத் தாயாரே பொறுக்கி விலக்கிவிட வேண்டும்.

காகிதத்தைக் கிழித்து இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, ஊறிய வெந்தயத்துடன் அரைக்கவும். நம் பாட்டிமார் காகிதக் கூடை செய்த பக்குவமே இது. கூழ் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, சிறிது பசை சேர்த்துச் சப்பாத்தி மாவுபோல் பிசைக. மண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். சாணத்திலுள்ள நார் அதைத் தடுப்பதுபோல, இங்கே காகித நார் தடுக்கும்.

பலகையில் மாட்டுவதற்கு இரு துளைகளை முன்னதாகவே இட்டுக்கொள்க. கால் அங்குல கனத்துக்குக் கூழை அப்பி, ஈரம் உலருமுன் சில்லுகளை அழுத்துக. ஒவ்வொன்றின் விளிம்பையும் மெல்லிய திரியொன்றால் சுற்றி மூடினால் சில்லு கழன்று விழாது. வெயிலில் வைக்காமல் நிழலில் மூன்று நாள் உலர்த்தி, காவியோ வெள்ளையோ பூசி, சில்லுகளை ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பதித்த சில்லுகள் சற்றே சாய்ந்திருக்கும். "கோணலாயிருக்கிறதே!" என்று அவற்றைத் திருத்தி அமைக்க உங்கள் கை துடிக்கும். தயவு செய்து தொடாதீர்கள். எல்லாச் சில்லுகளும் ஒரே சமமாயிருந்தால் ஒளி ஒரு பக்கமே திரும்பும். பார்ப்பவர் நகர்ந்தவுடன் யாவும் ஒருமிக்க மங்கிவிடும். ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருந்தாலோ, ஒன்று அணையும்போது மற்றொன்று மினுங்கும். கட்ச் சுவர்களின் உயிரோட்டமும் இதிலேதான் இருக்கிறது.

1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டிலே, கைத்தொழிலின் வழியாகவே கல்வி புகட்ட வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தினார். கைத்தொழிலால் கல்வி வரவேண்டுமானால், வேலை செய்யும் கை குழந்தையுடையதாகவே இருக்கவேண்டும். பெரியவர் திருத்திய பொம்மை அழகாயிருக்கலாம். குழந்தை அதில் கற்றது ஏதுமிராது.

ஆகவே, வேலை முடிந்ததும் அதைக் கூடத்திலே விளக்குக்கு எதிரில் மாட்டுங்கள். சாயங்காலம் விளக்கேற்றும் வேலையைக் குழந்தையிடமே விடுங்கள்.