குடிக்கவே தண்ணீர் இல்லை... கோல்ஃப் புல்லுக்கு மட்டும் எப்படி? பிரான்ஸை உலுக்கிய சர்ச்சையின் பின்னணி

2022 ஆகஸ்ட். பிரான்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரியில் கொண்டுபோய் கொடுத்தார்கள். வறட்சி கடுமையான பகுதிகளில் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது, கார் கழுவக் கூடாது என்று தடை. ஆனா, கோல்ஃப் மைதானங்களுக்கு மட்டும் விலக்கு!

கொந்தளித்த சூழலியல் ஆர்வலர்கள், துலூஸ் நகரை ஒட்டிய இரண்டு மைதானங்களில் பந்து விழும் குழிகளை சிமென்ட் போட்டு அடைத்துவிட்டார்கள். கோடை வந்தாலே பல நாடுகளில் கிளம்பும் சண்டை இது. உண்மையில் என்னதான் பிரச்னை? பார்ப்போம்.

விலக்கு எதற்கு?

முழு மைதானத்துக்கும் இல்லை. குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' பகுதிக்கு மட்டும்தான். அதுவும் இரவு 8 மணி முதல் காலை 8 மணிக்குள், வழக்கமான அளவில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் விட வேண்டும். மூன்று நாள் தண்ணீர் இல்லை என்றால் கிரீன் செத்துவிடும், ஆயிரக்கணக்கானோரின் வேலை போய்விடும் என்பது கோல்ஃப் தரப்பு வாதம்.

ஒரு புல் இவ்வளவு சீக்கிரம் சாகுமா?

சாகும். பந்து வழுக்கி ஓடுவதற்காக கிரீனில் புல்லை 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். இலை குறைந்தால் புல் தயாரிக்கும் உணவும் குறையும். வேர் ஆழமாக இறங்காது. அடியில் மணல் என்பதால் தண்ணீரும் தங்காது. போதாக்குறைக்கு, ஐரோப்பாவில் இருப்பது பெரும்பாலும் குளிர்ப் பிரதேசப் புல். 15 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு சுகம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் வேரே சுருங்க ஆரம்பிக்கும்.

கோடையில் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

- புல்லை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக விட்டு வெட்டுவது
- உரத்தைக் குறைப்பது
- ஆவியாகி வீணாகாமல் இருக்க அதிகாலையில் தண்ணீர் விடுவது
- உச்சி வெயிலில் லேசாகத் தெளிப்பது. இது தாகம் தீர்க்க இல்லை, இலையின் சூட்டைத் தணிக்க!

நம்ம ஊர் அருகம்புல்லுக்கு இங்கே என்ன வேலை?

வெப்ப நாடுகளின் மைதானங்களில் போடப்படும் 'பெர்முடா' புல் வேறு எதுவும் இல்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பின வகைகளும்தான். 35 டிகிரியிலும் தளதளவென்று இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் பழுத்துக் கிடந்து, மழை பெய்ததும் துளிர்த்துவிடும். ஆனால் குளிர் காலத்தில் பழுப்பாகிவிடும் என்பதால், குளிர் நாடுகளில் இதற்கு மாறுவது சுலபம் இல்லை.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. கிரீனைத் தவிர மற்ற பரப்பு காய்ந்தாலும் ஆட்டம் நிற்காது. 2006-ல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில், பழுப்பேறிக் கிடந்த மைதானத்தில்தான் டைகர் வுட்ஸ் ஓபன் பட்டம் வென்றார். இன்னொரு வழி, சுத்திகரித்த கழிவுநீர். பிரான்ஸில் அதன் மறுபயன்பாடு 2023-ல் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. இதை 2030-க்குள் 10 சதவீதமாக்குவோம் என 2023 மார்ச்சில் அதிபர் மக்ரோன் அறிவித்தார்.

உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் பொது மைதானங்களுக்கு இன்னும் தலைவலி. தண்ணீர் விட்டால் மக்கள் கோபம். விடாமல் கிரீன் செத்தால், மறுபடி போடும் செலவும் அதே மக்களின் வரிப்பணத்தில்தான்.

நூறு ஏக்கருக்கும் மேல் விரியும் 18 குழி மைதானத்தில், கிரீன் எல்லாம் சேர்ந்தாலும் மூன்று ஏக்கர் அளவுதான். 'கொஞ்சம் தண்ணீர்தானே' என்பது அவர்கள் கணக்கு. ஆனா, லாரிக்காகக் குடத்தோடு காத்திருப்பவருக்கு அது அளவுப் பிரச்னை இல்லை. யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி. புல்லைப் பற்றிய அறிவியல் சரியாகவே இருந்தும், பிரான்ஸ் அரசு மக்களிடம் தோற்றது அந்த இடத்தில்தான்.